தாய் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம்

எழுதுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது முடித்ததும் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பேரைக் கேட்டால்கூட, அவர் சொல்லட்டும் என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் பேனா எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அந்த ஒரு வாரத்தை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லத் தொடங்கினால் வேகம் பிடித்துக்கொண்டு, முன்னது பின்னது மாறிப்போய், கேட்பவர்கள் "அப்ப திருடன் உன் தம்பியா?" என்று கேட்டுவிடுகிறார்கள். எழுதினால் வரிசையாக வரும் என்று நம்புகிறேன்.

எங்கள் வீடு பென்னாகரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, மாதத்தில் ஒருமுறையோ இரண்டு முறையோ வருவார். கீழே என் தையல் மிஷின். மேலே ஓர் அறை சும்மா கிடந்தது. அதற்குக் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி வாடகைக்கு வந்தாள். புள்ளியியல் படித்தவள். மாவட்டக் காவல்துறையில் சில மாத ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். பழைய திருட்டு வழக்குகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு, இதைச் செய்தவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான், எங்கே குடியிருப்பான் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. சாப்பாடு என்னிடம். அவள் என்னை அக்கா என்பாள். நான் அவளைப் பாப்பா என்பேன்.

போலீஸ் என்றால் மோப்ப நாய், கைரேகை, இல்லாவிட்டால் அடி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்தப் பாப்பா ஒருவரையும் அடிக்காமல், ஒருவரையும் பார்க்காமல் திருடனைத் தேடுகிறாள் என்றதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சாயங்காலம் நான் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, துணி வெட்டும் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். எங்கள் தாலுக்காவின் வரைபடம். அதில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சமீபகாலமாக எங்கள் பக்கம் ஆட்டுத் திருட்டு அதிகம். ஒவ்வொரு புள்ளியும் ஆடு காணோம் என்று வந்த ஒரு புகார்.

பார்த்த உடனே எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. கொக்கியும் ஊசியும் மடியிலேயே கிடந்தன.

திருடன் தன் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் கை வைக்க மாட்டான், ஏனென்றால் அங்கே அவனைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அதற்காக ரொம்பத் தூரமும் போக மாட்டான், தெரியாத ஊரில் தடுமாறுவான். எனவே அவன் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம், அதைச் சுற்றி நெருக்கமாகப் புள்ளிகள், அப்புறம் போகப் போக ஒன்றிரண்டு என்று இருக்கும் என்று அவள் விளக்கினாள். புள்ளிகளை வைத்துப் பின்னோக்கிப் போனால் வீட்டைப் பிடிக்கலாமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அப்படித்தான். எங்கள் தெருக் கடையில் எதுவும் வாங்க மாட்டேன், என்ன வாங்கினாய் என்று எல்லாரும் கேட்பார்கள். பெரிய கடைத்தெருவுக்குப் போகவும் கூச்சம். அடுத்த தெருக் கடைதான் எனக்கு. அதைச் சொன்னேன்.

"அப்ப திருடனும் உங்களாட்டம் கூச்சப்படற ஆளுங்க்கா," என்றாள்.

அன்றிலிருந்து தொலைக்காட்சித் தொடர்களை விட்டுவிட்டேன். சாயங்காலம் அவள் பையோடு படியேறும் சத்தம் கேட்டால் டீ போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பேன். நாங்கள் இருவரும் அந்தத் திருடனை ஒவ்வொரு அங்கமாகத் தைத்துக்கொண்டே போனோம். ஒரே தடவையில் நாலைந்து ஆடு போகிறது, அப்படியானால் அவனிடம் வண்டி இருக்கும். ஒரு நாயும் குரைக்கவில்லை என்கிறார்கள், அப்படியானால் நாய்க்கு எதையாவது போட்டுவிட்டு வேலையைப் பார்க்கும் நிதானம் உள்ளவன். புகார்கள் பெரும்பாலும் சந்தை நாளை ஒட்டியே வருகின்றன, அப்படியானால் சந்தைக்குப் போய்வருகிறவன். கண்ணால் பார்க்காத ஒருவனுக்குக் கையும் காலும் முளைத்து வருவதைப் பார்க்க அவ்வளவு உற்சாகமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது. பாப்பா சிரித்துக்கொண்டே நான் சொன்னதையும் கேட்டுக்கொள்வாள்.

ஒரு நாள், கணக்கு முடிந்துவிட்டது என்றாள். ஏதோ ஒன்றைத் தட்டினாள். புள்ளிகளுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. பெரிதாக்கிக் காட்டினாள். ஏரி தெரிந்தது. தார்ச்சாலை வளைகிற இடம் தெரிந்தது. மாவு மில் தெரிந்தது.

"எங்கம்மா ஊரு பாப்பா!" என்று கை தட்டினேன். எங்கள் ஊர் டிவியில் வந்தது மாதிரி ஒரு சந்தோஷம்.

அவளும் அதே மகிழ்ச்சியோடு மீதியையும் படித்தாள். இந்த வட்டத்துக்குள் குடியிருப்பான். சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருப்பான். வாரச்சந்தைகளுக்குத் தவறாமல் போவான். நடுத்தர வயது. ஏற்கெனவே ஆடு சம்பந்தமான வழக்கில் பெயர் அடிபட்டவன். இவ்வளவையும் ஸ்டேஷனில் உள்ள பழைய வழக்குகளோடு பொருத்திப் பார்த்ததில், பட்டியலில் எல்லோருக்கும் மேலே ஓர் ஆளின் எண் வந்திருக்கிறது. அவளிடம் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் எல்லாம் உதவி ஆய்வாளரிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுத்ததும் அந்த எண்ணுக்குரிய ஆளை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. அளவெடுத்துத் தைத்தது மாதிரி அது என் தம்பிக்குப் பொருந்தியது.

என் தம்பி அம்மாவோடு அந்த ஊரில்தான் இருக்கிறான். குட்டியானை என்று நாங்கள் சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறான். சந்தைக்குச் சந்தை வாடகை. பல வருடங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து ஆடுகளை ஏற்றிப் போகக் கூப்பிட்டார்கள். போனான். அவை திருட்டு ஆடுகள். அவர்களோடு சேர்த்து இவன்மேலும் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து, கடைசியில் இவனுக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நீதிபதி விடுதலை செய்தார். அதற்குள் அவன் தலை நரைத்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரு ஆட்டை வண்டியில் ஏற்றச் சொன்னாலும் யார் ஆடு, எங்கே வாங்கியது, யாருக்குக் கொண்டுபோகிறது என்று துருவித் துருவிக் கேட்பான். சந்தையில் அவனுக்கு வக்கீல் என்றே பட்டப்பெயர்.

ஒரு தடவை ஜீப் வந்த வீட்டுக்கு இன்னொரு தடவை ஜீப் வந்தால், கோர்ட் சொன்னதை ஊரில் ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு வேறு. ஆனால் பாப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அவனைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று ஆகிவிடும். திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

மறுநாள் மத்தியானம் தம்பியே சாப்பிட வந்துவிட்டான், பென்னாகரத்தில் லோடு இறக்க வந்தவன் போகிற வழியில். பாப்பாவும் அன்று வீட்டில் இருந்தாள். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பரிமாறினேன். பாப்பா சும்மா இருக்கவில்லை. சந்தையைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்தது என்று அவளுக்கு மகிழ்ச்சி.

"ஏனுங்ண்ணா, ஆடு திருடறவன் சந்தைக்குத்தான் கொண்டு வருவானுங்களா?"

"என்னப் பாத்து கேக்கறீங்களே," என்றான் தம்பி. "நான் என்னா அதுக்குன்னு படிச்சிட்டா வந்துருக்கறன்?"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். என் கையிலிருந்த கரண்டி சாம்பாருக்குள் விழுந்தது. தம்பி என்னைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

"சந்தைக்குக் கொண்டாந்தான்னா அடி வாங்கித்தான் போவான். ஆடு காணோம்னா மொதல்ல சந்தையிலதான வந்து நிப்பாங்க. இருட்டுல நின்னாலும் அவங்க ஆட்ட அவங்களுக்குத் தெரியும். யாரு கொண்டாருவா அங்க?"

பாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் கை துடைத்தவள், தெருவில் நின்ற வண்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தம்பி போன பிறகு, என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"அண்ணனுக்கு எந்த ஊருங்க்கா?"

"எங்கம்மா ஊருதான்," என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. இதையெல்லாம் என்னிடம் காட்டியிருக்கவே கூடாது என்றாள். தன் தப்பு என்றாள். நான் சொல்லவேண்டியதை அப்போதே சொல்லிவிட்டேன்.

"அவன உட்டுடுன்னு நான் கேக்கல பாப்பா. ஒரே ஒரு புள்ளிய மட்டும் நேர்ல போய்ப் பாத்துட்டு அப்பறம் குடு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. புள்ளியில் தப்பு இருக்கும் என்று கண்டுபிடித்து நான் சொல்லவில்லை. நாட்களைத் தள்ளிப்போட ஒரு வழி, அவ்வளவுதான். அவள் யோசித்துவிட்டு, போகலாம், ஆனால் நீங்களும் கூட வர வேண்டும் என்றாள். அவள் பேச்சைக் கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூர் ஆபீசர் என்று வாயை மூடிக்கொள்வார்களாம்.

அடுத்த நாள் காலையில் அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். எனக்குப் பயம் ஒரு பக்கம், குஷி ஒரு பக்கம். நாங்கள் தேர்ந்தெடுத்த புள்ளி ஒரு கன்னடம் பேசுகிற ஆட்டுக்காரர் வீட்டில் விழுந்திருந்தது. கணவன் மனைவி இருவருக்கும் என் வயதுதான் இருக்கும். சின்னத் தெரு, ஒட்டினாற்போல் வீடுகள், வாசலில் ஒரு சைக்கிள் நிறுத்தத்தான் இடம். பாப்பா போனில் வரைபடத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். புகாரில் இருந்த இடம் சாட்சாத் இதுதான்.

"ஏனுங்க, ஆட்டையெல்லாம் எங்க கட்டுவீங்க?" என்று கேட்டாள்.

ஆட்டுக்காரர் மனைவியைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

"அத்தன ஆட்டயும் இந்த வூட்டுல அடைச்சா நாங்க எங்கம்மா படுக்கறது? கூரை மேலயா?"

ஆடுகள் வீட்டில் இருப்பதே இல்லை. அறுவடை முடிந்த நிலங்களில் பட்டி போடுவார்கள். எங்கள் பக்கத்தில் நிலத்தைக் கொல்லி என்போம். ஒருவர் கொல்லியில் மூங்கில் தட்டிப் படலை நட்டு வளைத்து ராத்திரியில் ஆடுகளை அடைப்பார்கள், புழுக்கை நிலத்துக்கு உரமாகும். சில ராத்திரி கழித்து அடுத்த கொல்லிக்கு நகர்த்துவார்கள். பட்டி போகிற இடம் எங்கோ இருக்கும், ஆட்டுக்காரர் வீடு எங்கோ இருக்கும். இது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம். ஆனால் திரையில் இருந்த சிவப்புப் புள்ளியோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பாப்பாவுக்கு அந்த வாசலில் நின்ற உடனே தோன்றிவிட்டது. அவள் கண்கள் விரிந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப ஆடு காணாமப் போனது எங்கீங்க?"

அவர் கையை நீட்டி ஒகேனக்கல் போகிற திசையைக் காட்டினார். பென்னாகரத்தைத் தாண்டி, ரோட்டோரத்தில், மாந்தோப்பை ஒட்டின கொல்லி. வீட்டிலிருந்து பார்த்தால் எங்கேயோ ஒரு மூலை.

"கம்ப்ளெயிண்ட்ல வூட்டு வெலாசம்தான இருக்குது?" என்று நான் கேட்டேன்.

"வெலாசம் கேட்டாங்க, சொன்னன். கொல்லியிலன்னும் சொன்னன். எந்தக் கொல்லின்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல."

"ஏங்க சொல்லல?"

அவர் தயங்கினார். மனைவிதான் சொன்னார். "கொல்லிக்காரர் பேரச் சொன்னா அவர சாட்சிக்கு டேசனுக்கு இழுப்பாங்க. ஒருவாட்டி இழுத்துட்டா அடுத்த வருசம் நம்ம பட்டிய அவரு கொல்லிப் பக்கம் சேத்துவாரா? நாலு ஆடு போனது போச்சு. கொல்லி போச்சுன்னா மந்தையே போச்சு."

பாப்பா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். தேதியையும் கேட்டாள். ஆடு போன உடனே இவர்கள் போலீசுக்குப் போகவில்லை. முதலில் சந்தை சந்தையாகத் தேடியிருக்கிறார்கள். கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் புகார். தம்பி சோற்றுக்கு நடுவில் சொன்னது அதைத்தான். ஆகவே சந்தை நாளை ஒட்டி நடந்தது திருட்டு இல்லை, புகார்தான். கம்ப்யூட்டர் புகார் கொடுத்த நாளைத் திருட்டு நாளாகவும், புகார் கொடுத்தவர் வீட்டைத் திருட்டு இடமாகவும் எடுத்துக்கொண்டு, ரொம்பச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தது. அளவு ரவிக்கை மாறிவிட்டால் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் வேறொருத்திக்குத்தான் பொருந்தும்.

"எல்லாரையும் மறுபடி கேக்கோணுங்க்கா," என்றாள் பாப்பா. வண்டியை உதைத்துக் கிளப்பியவள், தெருமுனை வரை நான் ஏறவில்லை என்பதையே கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் எல்லோர் வீட்டுக்கும் போக முடியாது. போன் செய்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு போன் பேசியதில்லை. முதலில் பாப்பாதான் பேசினாள். காவல்துறை சார்பாக, தரவு, ஆய்வு என்று அவள் ஆரம்பித்ததும் எதிர்ப்பக்கம் கட் பண்ணிவிடுவார்கள். ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓடிபி வந்தா சொல்றன் கண்ணு, நீ வச்சிரு," என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் போனை என் கையில் திணித்தாள்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்ன ஊருப் பொண்ணு, பென்னாகரத்தில் துணி தைக்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஆடு போன விஷயமா என்றதும் அவர்களே கொட்டத் தொடங்கினார்கள். கொல்லிக்காரர் பேர் வேண்டாம், இடமும் ராத்திரியும் மட்டும் போதும் என்று பாப்பா வாக்குக் கொடுத்தாள், அதையும் நானே சொன்னேன். ஒருவருக்கும் தேதி நினைவில்லை. ஆனால் கடலைக்காய் பிடுங்கின கொல்லி, பாலத்தை ஒட்டின கொல்லி, மச்சான் காது குத்துக்குப் போயிருந்த ராத்திரி, மறுநாள் கறிக்கடையில் கூட்டமாக இருந்ததே அந்த ராத்திரி என்று சொன்னார்கள். பாப்பா நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு அதையெல்லாம் கிழமைக்குக் கொண்டுவந்தாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொரு புள்ளியாக இழுத்து வேறு இடத்தில் விட்டாள். அந்த வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கம்மா ஊரைச் சுற்றி மொய்த்திருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு, சர்க்கரை டப்பாவை விட்டு எறும்பு போவது மாதிரி, மேற்கே வரிசையாகப் போயின. போய் நின்றது தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகிற ரோட்டின் இரண்டு ஓரத்திலும். நாட்களும் அப்படியே. சந்தை நாள் எங்கேயும் இல்லை. ஏறக்குறைய எல்லாமே சனிக்கிழமை ராத்திரி.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஞாயித்துக்கெழம கறி," என்றேன்.

"சனிக்கெழம டூரிஸ்ட் காரு," என்றாள் அவள்.

சனி, ஞாயிறு என்றால் அருவி பார்க்க எங்கெங்கிருந்தோ கார்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ராத்திரியில் ரோட்டோரம் ஒரு வெளியூர்க் கார் நின்றால், குடித்துவிட்டு இறங்கி நிற்கிறார்கள் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவள் மறுபடி தட்டினாள். ஆரஞ்சு வட்டம் விழவே இல்லை. குடியிருக்கிற இடம் இந்தப் பக்கமே இல்லை, ரோட்டில் வந்து போகிறவன் என்று கணக்கு சொன்னது. நான் எழுந்து நின்று குதித்தேன். என் வயதில் குதித்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் குதித்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். பாப்பா கூப்பிட்டாள் என்று போய்விட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன். உதவி ஆய்வாளர் டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். முதலில் விழுந்த வட்டம் தப்பா என்று கேட்டார். தப்புதான், தன்னுடைய தப்பு என்று பாப்பா ஒத்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார், இது யார் என்று விசாரித்தார். வீட்டுக்கார அக்கா என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

"ஏன் மேடம், அக்கா கையால சாப்புட்டுட்டுப் புள்ளிய நகத்திட்டீங்களா?"

பாப்பா அசரவில்லை.

"நகத்துனது ஆட்டுக்காரங்க சார். நீங்களே ஒருத்தருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அவர் போட்டார், ஸ்பீக்கரில். ஸ்டேஷனிலிருந்து பேசுகிறேன் என்றதும், "எந்த பேங்க்கு?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். கான்ஸ்டபிள்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசி முடித்தார். அதே கொல்லி, அதே சனிக்கிழமை. போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். சனிக்கிழமை ரோட்டில் ஆள் போடுகிறேன், ஆனாலும் பழைய வழக்கு உள்ள அந்த முதல் ஆளை விட முடியாது, வண்டியும் வைத்திருக்கிறான், கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன் என்றார்.

அப்போது நான் பேசினேன். யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"அந்தக் கேசுல விடுதலை ஆயிட்டாங்க சார்."

"யாரு?"

"என் தம்பி."

பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி பேரையும் ஊரையும் சொன்னேன். உதவி ஆய்வாளர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

"விடுதலை ஆனது இதுல இல்லையா?"

"கேஸ் போட்டது ஏறியிருக்குது சார். முடிஞ்சது ஏறல."

அவர் டீ கிளாசைத் தள்ளி வைத்தார். முதலில் அதை ஏற்றச் சொன்னார். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "இந்த சனிக்கிழமை பார்ப்போம்மா. ஒண்ணும் ஆகலன்னா தம்பிய வரச்சொல்லுங்க, ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பிடறேன். வீட்டுக்கு ஜீப் வராது," என்றார்.

அவ்வளவுதான் அவரால் முடியும் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு வார்த்தை கேட்பதற்காக அவன் ஸ்டேஷன் படி ஏறினாலே சந்தை முழுவதும் தெரிந்துவிடும். வக்கீல் என்ற பட்டப்பெயர் போய் வேறு வந்துவிடும். சனிக்கிழமை பூராவும் மிஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கையின் கையை இடவலம் மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடியும் அதே மாதிரி மாற்றித் தைத்தேன். பாப்பாவும் கீழேயே இருந்தாள். எந்த இடத்தில் ஆள் போடுவது என்று அவள்தான் குறித்துக் கொடுத்திருந்தாள். அந்த வாரம் பட்டி எங்கெங்கே இருக்கிறது என்று ஆட்டுக்காரர்களே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள். மாந்தோப்புக் கொல்லிக்குப் பக்கத்தில் அன்று ஒரு பட்டி இருந்தது. கணக்கு தப்பாகப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மறுபடி புள்ளியிடமே போய்க் கேட்பேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பாப்பா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். போன் காதிலேயே இருந்தது. இறங்குகிற வேகத்தில் கடைசிப் படியைத் தாண்டி என் வாளியை உதைத்துவிட்டாள்.

"காரு பிடிச்சிட்டாங்க்கா!"

மாந்தோப்பை ஒட்டி நின்ற கார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஆடுகளை வாயைக் கட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள். இரண்டு பேர், வேறு மாவட்டத்து ஆட்கள். கார் கண்ணாடியில் அருவிப் படம் ஒட்டின ஒரு ஸ்டிக்கர் வேறு. பழைய திருட்டுகளையும் ஒத்துக்கொண்டார்களாம். உதவி ஆய்வாளர் பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில், அக்காகிட்டச் சொல்லிடுங்க, தம்பி வர வேண்டியதில்லை என்று சொன்னாராம்.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் வாளித் தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தோம். எதிர்வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். எங்கள் தெருவில் என்னிடம் யாராவது ஏதாவது கேட்டால் நான் உள்ளே போய்விடுவேன். அன்றைக்கு நின்று, ஆட்டுத் திருடன் மாட்டிக்கிட்டானுங்க என்று பதில் சொன்னேன்.

வட்டம் தம்பியைச் சுற்றி விழுந்ததையோ, ஒரு வாரம் அவன் ஒரு எண்ணாக எல்லோருக்கும் மேலே இருந்ததையோ அவனிடம் நான் சொல்லவில்லை. பாப்பாவும் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. தம்பி பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றப் போனான், மத்தியானம் சாப்பிட வரவில்லை. பாப்பா தருமபுரி பஸ்ஸில் ஆபீசுக்குப் போனாள். நான் பாக்கி இருந்த ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்தேன்.